‘மேரி’: நட்புக்காக அளிக்கப்பட்ட ஒரு கலம்

பாய்மரப் பந்தயங்களின் வரலாற்றை எழுதுவோர் 1660ஆம் ஆண்டிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவர். ஆம்ஸ்டர்டாம் நகரம் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு அவ்வாண்டு பரிசளித்த ‘மேரி’ என்னும் கலத்தையே ஆங்கிலேய அரச ‘யாட்’ மரபின் முதற்கண்ணியாகக் காட்டுவது வழக்கம். கூற்று பிழையன்று. ஆயினும் அது அக்கலத்தை அரசனின் விளையாட்டுப் பொருளாகச் சுருக்கிவிடுகிறது. மேரி முதலில் ஓர் அரசதந்திரக் கருவி. அவ்வகையில் தோற்றுப்போன கருவி.

‘யாட்’ என்பது வேட்டையாடுதல், துரத்துதல் என்னும் பொருளுடைய டச்சு வினையிலிருந்து பிறந்த சொல். விரைந்து செல்லும் சிறு கலங்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அத்தகைய கலங்களை ஆசியக் கடல்களிலும் செலுத்தியது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோலோச்சிய அதே கம்பெனிக்காகக் கட்டப்பட்டதே மேரி. ஆம்ஸ்டர்டாம் நகர ஆட்சியினர் அதை விலைக்கு வாங்கி மன்னருக்கு அளித்தனர். சோழமண்டலக் கரையின் வணிக வரலாற்றைப் பயில்வோர்க்கு இக்கலம் முற்றிலும் அயலானதன்று.

பரிசுக்குக் காரணம் இருந்தது. 1654இல் கிராம்வெலுடன் சமாதானம் செய்துகொண்ட டச்சுக் குடியரசு, நாடிழந்து அலைந்த சார்லசைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அவரே 1660 மே மாதத்தில் முடிசூடத் திரும்பியபோது நிலைமை தலைகீழாயிற்று. பிரெடாவிலிருந்து புறப்பட்ட பயணத்தில் அவர் ஒரு யாட்டில் ஏறி வந்ததும், அதை வியந்து பாராட்டியதும் டச்சுக்காரர்க்கு வாய்ப்பாயின. ஆகஸ்டில் மேரி தேம்ஸ் நதியை அடைந்தது. இத்தாலிய ஓவியங்களும் சிற்பங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் செப்டம்பரிலேயே ஆங்கிலேயப் பாராளுமன்றம் டச்சு வணிகத்தைக் குறிவைத்த கடல்வழிச் சட்டத்தைப் புதுப்பித்தது. 1665இல் போர் மூண்டது. 1667 ஜூனில் மெட்வே ஆற்றுக்குள் புகுந்த டச்சுக் கடற்படை, சார்லசை நாட்டுக்கு அழைத்துவந்த ‘ராயல் சார்லஸ்’ கப்பலையே இழுத்துச் சென்றது. அதன் பின்புறச் சிற்பப் பலகை இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கப்பலைப் பரிசாகக் கொடுத்தவர்கள் ஏழாண்டுகளில் வேறொரு கப்பலைக் கவர்ந்துகொண்டனர்!

அரசதந்திரத்தில் தோற்ற பரிசு, தச்சர் பட்டறையில் வென்றது. மேரியின் அடிமரம் சுமார் 52 அடி, கொள்ளளவு ஏறத்தாழ 100 டன், பீரங்கிகள் எட்டு. அக்கலத்தின் நேர்த்தியைத் தம் நாட்குறிப்பில் வியந்த சாமுவேல் பீப்ஸ், அதனை விஞ்சும் கலம் ஒன்றைக் கட்டும் பொறுப்பு பெட் குடும்பத்துக் கப்பற் தச்சர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தியையும் பதிந்துள்ளார். ஆழமற்ற டச்சு நீர்வழிகளுக்கு ஏற்பக் கலம் பக்கவாட்டில் நழுவாதிருக்க இருபுறமும் தொங்கவிடப்பட்ட பலகைகளை ஆங்கிலேயத் தச்சர் கைவிட்டு, அடிப்பகுதியை ஆழமாக்கினர். 1661இல் மன்னருக்குக் ‘கேதரின்’, அவர் தம்பி ஜேம்சுக்கு ‘ஆன்’ எனக் கலங்கள் உருவாயின. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் கிரீனிச்சிலிருந்து கிரேவ்செண்டு சென்று திரும்பும் போட்டியில் இரண்டும் நூறு பவுன் பந்தயத்துக்கு ஓடின. போகும்போது தோற்ற மன்னர் திரும்பும்போது வென்றார் என்றும், சிலவேளை தாமே சுக்கான் பிடித்தார் என்றும் உடனிருந்த ஜான் ஈவ்லின் எழுதுகிறார்.

புதியன வந்ததும் பழையது ஒதுக்கப்பட்டது. மேரி கடற்படையிடம் சென்று, டப்ளினுக்கும் பிரிட்டனின் மேற்குக் கரைக்கும் இடையே அதிகாரிகளையும் பிரபுக்களையும் ஏற்றிச் செல்லும் வேலையில் அமர்ந்தது. அயர்லாந்து ஆட்சியின் அன்றாடப் போக்குவரத்தில் உழைத்த இக்காலத்தைப் பந்தய வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. மேரியின் வாழ்நாளில் பெரும்பகுதி இதுவே.

1675 மார்ச் 25ஆம் நாள், டப்ளினிலிருந்து செஸ்டர் நோக்கி வருகையில், ஆங்கிள்சி தீவுக்கு அப்பாலுள்ள ஸ்கெரீஸ் பாறைகளில் மூடுபனியினூடே மேரி மோதிற்று. மீத் பிரபு உட்பட 35 பேர் மாண்டனர்; 39 பேர் பாறையில் தொற்றிப் பிழைத்தனர்.

அடுத்த மூன்று நூற்றாண்டுகள் அதை எவரும் தேடவில்லை. 1971 ஜூலையில் பொழுதுபோக்காகக் கடலில் மூழ்குவோர் அதன் வெண்கலப் பீரங்கிகளைக் கண்டனர். செய்தி பரவியதும் கொள்ளை தொடங்கியது. ஆய்வாளர்கள் அவசர அவசரமாக எஞ்சியதை மீட்க நேர்ந்தது. மூழ்கிய கலத்தின் வரலாற்று மதிப்பைக் காக்கும் தனிச் சட்டம் அன்று பிரிட்டனில் இல்லை. இத்தகைய கொள்ளைகளின் அழுத்தத்தால் 1973இல் அச்சட்டம் இயற்றப்பட்டது; மறு ஆண்டே மேரி கிடந்த இடம் அதன்கீழ்க் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மீட்கப்பட்ட பொருள்கள் லிவர்பூல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.