தெரிந்த கதையில் ஒரு திருப்பம்

மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசு கூத்து நடக்கும் இரவை நாம் அறிவோம். முடிவில் பாண்டவரே வெல்வார்கள் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் விடியும்வரை எவரும் எழுந்து போவதில்லை. முடிவு தெரிந்த கதை நம்மை எப்படிப் பிடித்து வைக்கிறது? விடை தேடிச் சிங்கப்பூர் வரை சென்று வருவோம்.

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் அதை நிறுவினார். அங்கே ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டித் தீமிதி நடைபெறுகிறது. அன்று லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஊர்வலமாக நடந்து வந்து பூக்குழி இறங்குகிறார்கள். அதற்குப் பல வாரங்கள் முன்பே கொடியேறிவிடும். திரௌபதி திருமணம், அருச்சுனன் தவம், அரவான் களப்பலி என்று பாரதக் கதை கட்டம் கட்டமாகச் சடங்கில் நடந்தேறும். இதுவும் ஒரு தொடர்கதைதானே!

இதில் அரவான் கட்டத்தைக் கவனிப்போம். அவன் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். வியாசர் பாரதத்தில், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கன் கையால் மடிகிறான். அவ்வளவே அவன் கதை.

தமிழர் அத்துடன் விடவில்லை. 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே அரவான் களப்பலி இடம் பெற்றுவிட்டது. பின்னர் வில்லிபுத்தூராரும் பாடினார். வழங்கிவரும் கதை இதுதான்: போரில் வெல்லக் காளிக்குப் பலியிட வேண்டும். துரியோதனன் நாள் குறிக்கச் சகாதேவனிடமே போகிறான். எதிரியே கேட்டாலும் சோதிடம் பொய் சொல்லலாகாது என்று, அமாவாசை நாளையும் அரவான் பெயரையும் சகாதேவன் சொல்லிவிடுகிறான். அரவானும் துரியோதனனுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான்.

பாண்டவர் பாடு அவ்வளவுதான் என்று நாம் எண்ணும்போது, கண்ணன் ஒரு நாள் முன்னதாகவே அமாவாசைத் தர்ப்பணம் செய்யத் தொடங்குகிறான். திகைத்துப்போன சூரியனும் சந்திரனும் காரணம் கேட்க ஒன்றாக ஓடி வருகிறார்கள். இருவரும் கூடும் நாள்தானே அமாவாசை! அன்றே அரவான் பாண்டவர் பக்கம் பலியாகிறான்.

திருப்பம் என்றால் இதுவல்லவா திருப்பம்! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது வானத்திலிருந்து விழுந்ததன்று. சகாதேவனின் வாய்மையும் கண்ணனின் தந்திரமும் முன்பே நாம் அறிந்தவை. போருக்கு முன்பே மாண்டவனுக்குப் போரில் ஏது இடம் என்ற கேள்வி எழாதபடி, அரவான் கேட்கும் வரத்தையும் சேர்த்தார்கள். வெட்டுண்ட தலையின் கண்களால் 18 நாள் போரையும் அவன் காண்கிறான் என்பது திரௌபதியம்மன் கோயில்களின் மரபு. பழைய கதை உடையவில்லை. அதன் பொருள் ஆழமாயிற்று.

எப்படி என்று கேட்கலாம். நாட்டைப் பங்கிடும் பேச்சில் அந்த இளைஞனுக்கு இடமே இல்லை. ஆனால் வெற்றிக்கு முதல் விலை கொடுத்தவன் அவன். சாலை போடவும் துறைமுகத்தில் மூட்டை சுமக்கவும் கடல் கடந்து போன தமிழர்கள் இந்தக் கதையையும் உடன் கொண்டு போனார்கள். இன்றும் அந்தக் கோயிலில் பாண்டவரோடு அரவான் தலைக்கும் வழிபாடு உண்டு.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போதும் இதை நினைவில் கொள்வோம். பிள்ளை கண் அயரும் நேரத்தில் ஒரு திருப்பம் வைக்கலாம். ஆனால் ஒட்டுக்கட்டிய கன்று தாய்த்தண்டோடு ஒட்டினால்தானே தழைக்கும்? கதையும் அப்படித்தான்.