சிங்கப்பூரின் நல்லெண்ணக் குழுக்கள்

சிங்கப்பூரில் 1964 ஜூலை இனக்கலவரத்தைத் தொடர்ந்து தொகுதிதோறும் அமைக்கப்பட்ட உள்ளூர்ச் சமாதான அமைப்புகள் நல்லெண்ணக் குழுக்கள் எனப்பட்டன. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என எல்லா இனங்களிலும் வட்டார மக்கள் மதித்த தலைவர்கள் இவற்றில் இடம்பெற்றனர். வதந்தியை முறியடிப்பதும், பயந்து ஒதுங்கிய அண்டை வீட்டாரை மீண்டும் முகம் பார்த்துப் பேசவைப்பதுமே அவர்களுடைய வேலை. இன்று அந்நாட்டில் இயங்கும் இன, சமய நல்லிணக்க வட்டங்களுக்கு இவை முன்னோடி.

முன்வரலாறு

காலனி ஆட்சிக் காலத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோர் பெரும்பாலும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்தனர். சந்தையில் சந்தித்துக்கொண்டவர்கள் குடியிருப்பில் கலக்கவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கும் தொடக்க முயற்சிகளில் ஒன்று சமயத் தலைவர்களிடமிருந்து வந்தது. மௌலானா அப்துல் அலீம் சித்திக்கியின் தூண்டுதலால் 1949 மார்ச் 18 அன்று பல்சமய அமைப்பு உருவானது. இன்று 10 சமயங்கள் அதில் அங்கம் வகிக்கின்றன.

அடுத்த ஆண்டே பெரிய சோதனை வந்தது. மலாய் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த மரியா ஹெர்டோக் என்ற டச்சுச் சிறுமி தன் பெற்றோரிடமே திரும்ப வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததையொட்டி, 1950 டிசம்பரில் கலவரம் மூண்டு 18 பேர் உயிரிழந்தனர். மேல்மட்டத் தலைவர்களின் நட்பு மட்டும் தெருவைக் காக்கப் போதாது என்பதை அந்த நாட்கள் காட்டின.

1964

1964இல் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். சிங்கப்பூரை ஆண்ட மக்கள் செயல் கட்சிக்கும் கோலாலம்பூரில் ஆண்ட கூட்டணியின் முதன்மைக் கட்சியான அம்னோவுக்கும் இடையே பகை முற்றியிருந்தது. மலாய்க்காரர்களின் நிலை குறித்த மேடைப் பேச்சுகளும் பத்திரிகைச் செய்திகளும் சூட்டை ஏற்றின. ஜூலை 21 அன்று பாடாங் திடலிலிருந்து கேலாங்கை நோக்கிப் புறப்பட்ட நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின் வழியில் கைகலப்பு வெடித்து, நகரெங்கும் பரவியது. 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமடைந்தனர். ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது.

நல்லெண்ணக் குழுக்கள் இந்தச் சூழலில் பிறந்தவை. அவற்றின் பலம் அறிமுகத்தில் இருந்தது. வானொலி அறிவிப்பை நம்பத் தயங்கியவர்கூட, தன் கம்பத்தில் (கிராமத்தில்) பல காலமாகப் பார்த்துப் பழகிய பெரியவர் நேரில் வந்து சொன்னால் காது கொடுத்தார். இன்னொரு இனத்துப் பெரியவரும் அவருடன் சேர்ந்து வந்து நின்றபோது அந்தச் சொல்லுக்கு எடை கூடியது.

ஆனாலும் குழுக்கள் அமைந்த சில வாரங்களிலேயே, செப்டம்பர் 2 அன்று, கேலாங் சராயில் இரண்டாவது கலவரம் தொடங்கியது. மேலும் 13 பேர் இறந்தனர், 106 பேர் காயமடைந்தனர். அது மலேசியாவை எதிர்த்த இந்தோனேசியாவுடனான மோதல் உச்சத்தில் இருந்த நேரம். உடைந்த நம்பிக்கை ஒரு மாதத்தில் ஒட்டிவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

தனிநாடான பின்

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனிநாடானது. அதே ஆண்டில் உள்ளூர் மட்டத்தில் குடிமக்கள் ஆலோசனைக் குழுக்கள் அமைந்தன. 1978 முதல் வசிப்போர் குழுக்கள் வந்தன. 1960இல் தொடங்கப்பட்ட மக்கள் கழகம் சமூக மன்றங்களை நடத்திவந்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1966இல் வரைந்த தேசிய உறுதிமொழி, இனம், மொழி, சமயம் கடந்த ஒற்றுமையைப் பள்ளிப் பிள்ளைகளின் அன்றாட வாக்காக ஆக்கியது. எனினும் 1969இல் மலேசியாவில் மூண்ட இனக்கலவரத்தின் அலை சிங்கப்பூரையும் தொட்டது. 4 பேர் பலியாயினர்.

கம்பங்கள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது இனங்கள் மறுபடியும் தனித்தனியே திரளும் போக்கு தென்பட்டது. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் ஒவ்வொரு புளோக்குக்கும் பேட்டைக்கும் இன விகித வரம்பு விதிக்கப்பட்டது. வெவ்வேறு இனத்தவரை ஒரே மின்தூக்கியில் ஏறவைக்க விதியால் முடியும். அவர்களைப் பேசவைக்கும் வேலை அடித்தளத் தலைவர்களுக்கே மிஞ்சியது. 1997 முதல் பள்ளிகள், 1964 கலவரம் தொடங்கிய ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

நன்னம்பிக்கைக் குழுக்கள்

2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா பயங்கரவாத இயக்கத்தினர் சிங்கப்பூரில் கைதானது தெரியவந்ததும் முஸ்லிம்கள்மீது சந்தேகப் பார்வை விழும் அபாயம் எழுந்தது. 2002 ஜனவரியில் பிரதமர் கோ சோக் டோங் தொகுதிதோறும் நன்னம்பிக்கைக் குழுக்களை அமைக்க முன்மொழிந்தார். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், குருத்துவாரா, சமூகச் சங்கங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அவற்றில் அமர்ந்தனர். வழிபாட்டுத் தலங்களுக்குப் பரஸ்பர வருகை, கலந்துரையாடல், நெருக்கடிக்கால ஒத்திகை ஆகியவை வழக்கமாயின. 1964க்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு உண்டு. அன்று ரத்தம் சிந்திய பின் குழு கூடியது. இங்கே நெருக்கடிக்கு முன்பே ஒருவரையொருவர் அறிந்துவைப்பது நோக்கம். இவையே பின்னர் நல்லிணக்க வட்டங்கள் எனப் பெயர் மாறின.

குறைகளும் உண்டு. பண்டிகை உடை, பலகாரப் பரிமாற்றத்தோடு நல்லிணக்கம் நின்றுவிடுகிறது, வேலை தேடும்போதும் வாடகைக்கு வீடு தேடும்போதும் சிறுபான்மையினர் படும் அவமதிப்பு பேசப்படுவதில்லை என்ற விமர்சனம் நியாயமானது. கொவிட் காலத்தில் இந்தியர்கள்மீது வெளிப்பட்ட வெறுப்பு அதை உறுதிசெய்தது. கசப்பான கேள்விகளை வெளிப்படையாகக் கேட்கும் உரையாடல்கள் அண்மைக் காலத்தில் பெருகியிருப்பது நல்ல மாற்றம். இதில் அரசு சாராத இளைஞர்களின் பங்கு பெரிது. 2012இல் மாணவராக இருந்த முகம்மது இர்ஷாத் தொடங்கிய ‘ரோசஸ் ஆஃப் பீஸ்’ இயக்கம் அவற்றுள் ஒன்று.

1969க்குப் பிறகு சிங்கப்பூரில் இனக்கலவரத்தில் எவரும் உயிரிழக்கவில்லை. சட்டமும் காவலும் வீட்டுக் கொள்கையும் அதற்குக் காரணமாயின. தெருவில் நின்று பேசிய உள்ளூர்த் தலைவர்களின் பங்கும் அவற்றுக்குக் குறைந்ததன்று. 2025 பிப்ரவரியில் நிறைவேறிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் சமூகத்தின் இந்தப் பங்கை ஏற்றுக்கொள்கிறது. ஓர் இனத்தைப் புண்படுத்தியவர் வழக்குக்குப் பதிலாக, பாதிக்கப்பட்ட சமூகத்தோடு பழகித் தவற்றைச் சரிசெய்யும் வழியையும் அது திறந்துவைத்துள்ளது.