கரிம ஒளியுமிழ் இருமுனையங்களில் மின்னூட்டச் செலுத்தம்: ஒரு வரலாறு

கரிம ஒளியுமிழ் இருமுனையம் (ஓஎல்இடி) ஒளிர வேண்டுமானால், நேர்மின்வாயிலிருந்து மின்துளைகளும் எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்களும் கரிம அடுக்குக்குள் புகுந்து ஒன்றுசேர வேண்டும். கரிமப் பொருள்களில் தாமாகத் திரியும் மின்னூட்டங்கள் மிகக் குறைவு. ஆகவே அவற்றை வெளியிலிருந்தே செலுத்த வேண்டும். மின்வாய்க்கும் கரிமப் பொருளுக்கும் இடையே உள்ள ஆற்றல் தடை உயர்ந்திருந்தால், அதைத் தாண்டவே மின்னழுத்தத்தின் பெரும்பகுதி செலவாகிவிடும்.

1963-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் போப் குழுவினர் ஆந்திரசீன் படிகத்தை ஒளிரச் செய்ய ஏறத்தாழ 400 வோல்ட் தேவைப்பட்டது. 1965-இல் கனடாவில் ஹெல்ஃப்ரிச்சும் ஷ்னைடரும் ஒரு பக்கம் எலக்ட்ரானையும் மறுபக்கம் மின்துளையையும் செலுத்தும் தனித்தனி மின்வாய்களைப் பயன்படுத்தினர். கொள்கை தெளிவாயிற்று, ஆனால் தடித்த படிகங்களுக்குத் தேவையான மின்னழுத்தம் எந்த வீட்டுக் கருவிக்கும் ஏற்றதாக இல்லை.

1987-இல் கோடாக் ஆய்வகத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 10 வோல்ட்டுக்கும் குறைவாகவே நல்ல வெளிச்சம் பெற்றனர். 75 நானோமீட்டர் டைஅமீன் அடுக்கின்மேல் 60 நானோமீட்டர் தடிப்பில் 'அல்க்யூ3' எனும் அலுமினியச் சேர்மத்தைப் படிய வைத்திருந்தனர். இந்த இரட்டை அடுக்கைப் பற்றியே பலரும் எழுதுகின்றனர். எதிர்மின்வாயும் அதே அளவு கவனத்துக்கு உரியது. வெளியேற்று ஆற்றல் குறைந்த மெக்னீசியம் எலக்ட்ரானை எளிதாகத் தரும், ஆனால் கரிமப் பரப்பில் சரியாக ஒட்டாது; பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்த்த வெள்ளி அதை ஒட்ட வைத்தது.

கால்சியம் இன்னும் எளிதாக எலக்ட்ரானைத் தரும். ஆனால் காற்றும் ஈரமும் பட்டால் விரைவில் கெட்டுவிடும். உறுதியான அலுமினியமோ எலக்ட்ரானைச் செலுத்துவதில் மந்தம். இந்தச் சிக்கலுக்கு 1997-இல் ஹங், டாங், மேசன் ஆகியோர் தந்த விடை வியப்பானது: அலுமினியத்துக்கு அடியில் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான லித்தியம் ஃபுளோரைடு. மின்கடத்தாப் பொருளான அது மின்னோட்டத்தைத் தடுக்கும் என்றே யாரும் எண்ணுவர். ஆனால் மின்னோட்டம் கூடியது. மெல்லிய படலத்தைக் குவாண்டம் முறையில் எலக்ட்ரான்கள் ஊடுருவுகின்றன என்றனர் சிலர். வேதிவினையில் விடுபடும் லித்தியம் கரிம அடுக்கில் கலக்கிறது என்றனர் வேறு சிலர். 1998-இல் கிடோவும் மட்சுமோட்டோவும் லித்தியத்தை நேரடியாகவே அல்க்யூ3-இல் கலந்து, செலுத்தம் மேம்படுவதைக் காட்டினர்.

நேர்மின்வாய்ப் பக்கம் வேலை எளிதாக இருந்தது. இண்டியம் வெள்ளீய ஆக்சைடின் பரப்பை ஆக்சிஜன் பிளாஸ்மாவால் தூய்மை செய்தாலே அதன் வெளியேற்று ஆற்றல் உயரும். அதன்மேல் தாமிர தாலோசயனின் படலம் சேர்த்தால் கருவியின் ஆயுள் நீளும் என 1996-இல் கோடாக் குழுவினர் காட்டினர். அதற்கான காரணம் 1999-இல் ஆசிஸ் குழுவினரின் ஆய்வில் புலப்பட்டது. அல்க்யூ3-க்குள் மிகுதியாகப் புகும் மின்துளைகள் நிலையற்ற நேரயனிகளை உருவாக்கி அப்பொருளைச் சிதைக்கின்றன. அந்தப் படலம் மின்துளைகளின் வரவை மட்டுப்படுத்தியதாலேயே கருவி நீடித்து உழைத்தது.