கூரை மேல் ஏறிய பகல்

அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் ஆட்டம், நமக்குக் கிரிக்கெட் மாதிரி. அதை அவர்கள் வெகு காலம் பகலிலேயே ஆடி வந்தார்கள். பகலில் ஆடினால் ஆபீசுக்கும் ஆலைக்கும் போகிறவன் எப்படிப் பார்க்க முடியும்? 1930-ல் பொருளாதாரம் சரிந்து கிடந்த சமயம். கன்ஸாஸ் நகரத்து மானார்க்ஸ் என்ற நீக்ரோ ஆட்டக்காரர்களின் குழு, கம்பங்களையும் விளக்குகளையும் மின்சார யந்திரத்தையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவில் ஆடியது. பெரிய லீக்குக்காரர்கள் அந்தக் கறுப்பர்களைத் தங்களோடு சேர்க்கவே இல்லை. ஆனால் அவர்களுடைய யோசனையை ஐந்து வருஷம் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள்!

1935, மே 24. சின்சினாட்டி நகரத்துக் கிராஸ்லி மைதானத்தில் 632 விளக்குகள் தயாராக இருந்தன. வாஷிங்டனில், வெள்ளை மாளிகையில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு பொத்தானை அழுத்தினார். மைதானம் பகலாயிற்று. எதிர்த்து ஆட வந்தவர்கள் பிலடெல்பியாக் குழுவினர். முந்தின தினமே நடந்திருக்க வேண்டிய ஆட்டம். மழை வந்து கெடுத்துவிட்டது. இந்த மழையையும் பிலடெல்பியாவையும் வாசகர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மைதானமாக விளக்கு ஏறியது. 1948-ல் டெட்ராய்ட்டும் ஏற்றிவிட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: சிகாகோவில் 1914-ல் கட்டிய ரிக்லி மைதானம். மேலும் நாற்பது வருஷம் அது சூரியனையே நம்பியிருந்தது.

மைதானத்தின் சொந்தக்காரர் பிலிப் ரிக்லி, சூயிங்கம் வியாபாரத்தில் பெயர் பெற்ற குடும்பத்துப் பிள்ளை. அவரும் 1941-ல் விளக்குப் போடத் தீர்மானித்து எஃகு முதலிய சாமான்களையெல்லாம் வாங்கிவிட்டார். டிசம்பர் 7-ஆம் தேதி ஜப்பான் பேர்ல் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டது. மறுநாளே ரிக்லி அத்தனை சாமானையும் யுத்த முயற்சிக்குக் கொடுத்துவிட்டார். அதோடு ஆசையும் போய்விட்டது போலிருக்கிறது. 1943-ல் அவரே ஆரம்பித்து வைத்த பெண்கள் லீக்குக்காகத் தற்காலிக விளக்கு வைத்து ஓர் இரவு ஆட்டம் நடந்தது.

1981-ல் ரிக்லி குடும்பத்தார் குழுவை ட்ரிப்யூன் பத்திரிகைக் கம்பெனிக்கு விற்றார்கள். புது முதலாளிகளுக்கு இரவு ஆட்டம் தேவைப்பட்டது. டெலிவிஷன் வருமானம் இரவில் அல்லவா இருக்கிறது! ஆனால் மைதானம் இருந்ததோ குடித்தனங்களின் நடுவில். தெருவுக்கு இந்தப் பக்கம் ஆட்டம், அந்தப் பக்கம் வீடு. எதிர் வீட்டு மொட்டைமாடியில் நாற்காலி போட்டுக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம். பகலில் அது ஒரு வேடிக்கைதான். இரவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கத்திக்கொண்டு, கார்களை வாசலில் நிறுத்திக்கொண்டு, பீர் குடித்துவிட்டுத் திரும்பினால் குழந்தைகள் தூங்குவது எப்படி? அந்தப் பேட்டைவாசிகள் சங்கம் சேர்த்துப் போராடினார்கள். 1982-ல் மாகாணச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. மைதானத்தின் பெயர் அதில் இல்லை. ஆனால் ரிக்லி மைதானத்தைத் தவிர வேறெதற்கும் பொருந்தாதபடி சாமர்த்தியமாக எழுதியிருந்தார்கள். மறு வருஷம் நகரசபையும் ஒரு தடை போட்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போய் 1985-ல் தோற்றது. பேட்டைவாசிகளின் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தூக்கத்துக்கு டிக்கெட் விற்க முடியாது என்பதால் அதற்கு மதிப்பில்லை என்று ஆகிவிடுமா?

ஆனால் லீக்கின் தலைவர்கள் வேறு விதத்தில் நெருக்கினார்கள். சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டங்கள் வந்தால் அவை வேறு ஊருக்குப் போகும் என்று எச்சரித்தார்கள். சொந்த ஊர் ஆட்டத்தை அடுத்த ஊரில் போய்ப் பார்ப்பதா? அந்த அவமானத்தை நகரம் தாங்கவில்லை. 1988 பிப்ரவரியில் நகரசபை இறங்கி வந்தது. அந்த வருஷம் எட்டு இரவு, பிறகு வருஷத்துக்குப் பதினெட்டு. அதற்கு மேல் கூடாது. பிற்காலத்தில் அந்த எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போயிற்று.

இனி விளக்கை எங்கே வைப்பது? தெருக்கள் நெருக்கிய இடத்தில் தனிக் கோபுரம் நட இடம் ஏது? ஆகவே பார்வையாளர் கொட்டகையின் கூரைமேலேயே, பக்கத்துக்கு மூன்றாக ஆறு வரிசைகள் ஏற்றினார்கள். சொல்லச் சுலபம். வெயிலையும் மழையையும் தடுக்கப் போட்ட கூரை, உயரமான விளக்குச் சட்டத்தைத் தாங்குமா? எடை மட்டுமல்ல, பாய்மரம் போல் காற்றை வாங்கும் அந்தச் சட்டம். மிச்சிகன் ஏரியோ பக்கத்தில்தான் இருக்கிறது. தகட்டில் ஆணி அடித்து நிறுத்துகிற காரியம் அல்ல அது. பாரம் கீழே உள்ள இரும்புத் தூண்கள் வரையில் இறங்க வேண்டும். ஒளியும் பல திசையிலிருந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் நிழல் பந்தை விழுங்கிவிடும். தாழ்வாக வைத்தாலோ, உயரே வரும் பந்தை அண்ணாந்து பார்ப்பவன் கண் கூசி நிற்பான். ஹெலிகாப்டர் வந்து இரும்பைக் கூரைமேல் இறக்கியது.

1988, ஆகஸ்ட் 8. தொண்ணூற்றொரு வயதுக் கிழவர் ஒருவர், அந்தக் குழுவின் பழைய அபிமானி, விளக்கை ஏற்றி வைத்தார். எதிர்க் குழு பிலடெல்பியா! அதன் முதல் ஆட்டக்காரர் பில் பிராட்லி, எடுத்த எடுப்பிலேயே பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். சிகாகோவின் ரைன் ஸாண்ட்பர்க்கும் பதிலுக்கு அடித்தார். நாலாவது சுற்றில் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. ஜனங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தபடி காத்திருந்தார்கள். தரையை மூடிய கித்தான்மேல் நாலு ஆட்டக்காரர்கள் குழந்தைகளைப் போல் சறுக்கி விளையாடினார்கள். கடைசியில் ஆட்டம் ரத்தாயிற்று.

அந்தக் காலத்து விதிப்படி ஐந்து சுற்று முடியாத ஆட்டம் கணக்கில் சேரவில்லை. பதிவேட்டின்படி முதல் இரவு ஆட்டம் மறுநாள் நடந்ததுதான். அதில் நியூயார்க் மெட்ஸ் குழுவைச் சிகாகோ 6-4 என்று ஜயித்தது. பிராட்லியும் ஸாண்ட்பர்க்கும் அடித்த இரண்டு அடிகளும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.