நோ டிஸ்ப்ளே: மேசைக் கணினியில் படம் வராத பழுது

மேசைக் கணினியை இயக்கியும் திரையில் எதுவும் தெரியாத நிலையைப் பழுதுபார்ப்போர் ‘நோ டிஸ்ப்ளே’ என்பார்கள். காய்ச்சலைப் போல இதுவும் அறிகுறி மட்டுமே. அடியில் இருப்பது தளர்ந்துபோன மானிட்டர் கேபிளாகவும் இருக்கலாம், பிராசசர் சாக்கெட்டில் வளைந்த பின்னாகவும் இருக்கலாம். கணினி எந்தப் படிவரை வந்து நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே நோயறிதல். அதைச் செய்யாமல் உதிரி பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர், காசைக் கரைத்து அனுபவம் வாங்குகிறார்.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது இது. சுவர் சுவிட்ச் போட்டவுடனேயே எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை தன் ஊதா வயரில் 5 வோல்ட்டைக் கொடுத்தபடி காத்திருக்கும். பொத்தான் அழுந்தியதும் மதர்போர்டு பச்சை வயரைத் தரையோடு இணைக்க, எஸ்எம்பிஎஸ் முழுமூச்சில் ஓடத் தொடங்கும். மின்னழுத்தங்கள் நிலைப்பட்டபின், 100 முதல் 500 மில்லிவினாடி இடைவெளியில், சாம்பல் நிற வயர் வழியே ‘எல்லாம் சரி’ என்ற சைகை போகும். அதன் பிறகே பிராசசர் கண் விழித்து பயாஸ் என்ற தொடக்க நிரலைப் படிக்கும், ராமைத் தயார் செய்யும், கிராபிக்ஸை எழுப்பும். படம் வருவது இத்தனைக்கும் கடைசியில். ராம் கெட்டால் ‘ராம் கெட்டுவிட்டது’ என்று திரையில் எழுதிக் காட்டக்கூட வழியில்லாமல் போவது இதனால்தான்.

படம் வருவதற்கு முன் உள்ள அந்த ஊமை நேரத்தை நிரப்பவே பீப் ஒலி வந்தது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியிலேயே ஒரு குட்டை பீப் என்றால் நலம். ஒரு நெட்டை, இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே அட்டையில் கோளாறு. பிற்காலத்து அவார்டு பயாஸும் இந்த ‘ஒரு நெட்டை, இரண்டு குட்டை’யை அப்படியே வைத்துக்கொண்டது; நெட்டை பீப்பாகவே விடாமல் அடித்தால் அதில் ராம் பழுது. ஏஎம்ஐ பயாஸில் எட்டு பீப் வந்தால் கிராபிக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அகராதி கிடையாது. மதர்போர்டின் கையேடுதான் தீர்ப்பு சொல்லும். இன்றைய போர்டுகள் பலவற்றில் பீப் கொடுக்கும் குட்டி ஸ்பீக்கரே வருவதில்லை. அதற்கான நாலு பின் மட்டும் மூலையில் சும்மா நிற்கும். பதிலுக்கு சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் பல போர்டுகளில் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தேங்கியிருக்கிறது.

கேபினெட்டின் திருகைத் தொடுவதற்கு முன் மானிட்டரை விசாரிக்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போட்டால், நல்ல மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லும். அதுவும் வரவில்லையென்றால் கணினி நிரபராதி. இருட்டான திரையில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது மங்கலாக எழுத்து தெரிந்தால், போனது பின்னொளி. கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) விசையைத் தட்டும்போது விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, படம் மட்டும் வெளியே வரவில்லை என்று பொருள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டுத் தவிப்பவர்களும் நிறைய. பெயரின் கடைசியில் ‘எஃப்’ எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களில் உள்ளமை கிராபிக்ஸ் இயங்காது. அவற்றில் மதர்போர்டின் துளை எப்போதும் ஊமைதான்.

அடுத்து ராம். இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும், ஏனென்றால் காசு செலவில்லாமல் சரியாகிவிடும் வாய்ப்பு இங்கே அதிகம். மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரம் வடிய பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓரத்துக் கொக்கியைத் திறந்தால் ராம் எழும்பி வரும். அதன் அடிவிளிம்பில் உள்ள பொன்னிறப் பட்டைகளில் படலம் படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்ப்பது கடைக்காரர்களின் கைவைத்தியம். ரப்பர் அந்த மெல்லிய தங்கப் பூச்சையும் கொஞ்சம் தின்றுவிடும்; ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியே மேல். ரப்பரையே பயன்படுத்தினாலும் துகள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது. திரும்பச் செருகும்போது ‘டக்’ என்ற ஒலி வரும்வரை அழுத்த வேண்டும். பாதியில் நின்ற ராம் பார்ப்பதற்கு உட்கார்ந்தது போலவே இருக்கும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்ப்பது வழக்கம். டிடிஆர்5 ராம் பூட்டிய புதுக் கணினி முதல் முறை எழும்போது, ராமுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கருந்திரையோடு நிற்பதும் உண்டு. அது பழுதல்ல, பதறி அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பயாஸ் அமைப்பில் ஏதோ மாற்றிய பிறகு படம் போயிருந்தால், அமைப்பை அழிப்பதே மருந்து. சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விடலாம், அல்லது அதற்கென உள்ள ஜம்பரைப் பயன்படுத்தலாம்.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஸ்லாட் வழியே 75 வாட் வரைதான் கிடைக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு 6 பின் இணைப்பு 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும்; அவற்றைச் செருக மறந்தால் விசிறி சுழலும், படம் வராது. மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென உள்ள 4 அல்லது 8 பின் இணைப்பை மறந்தாலும் இதே கதை. விசிறி ஓடுவதை வைத்து ‘பவர் சப்ளை நல்லாத்தான் இருக்கு’ என்று முடிவுகட்டுவது இத்தொழிலின் பழைய ஏமாற்றம். பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் கம்பியால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே ஓட்டும் சோதனையும் அரைச் சான்றுதான். மல்டிமீட்டரில் 12 வோல்ட் வயர் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்கிறதா என்று, அதுவும் சுமை ஏறியிருக்கும்போது, பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரிப்பது வீட்டு வேலையல்ல. 230 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக்கினால் 300 வோல்ட்டுக்கு மேல் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து, வெறும் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், படம் தரும் கார்டு ஆகியவற்றோடு மட்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். பவர் பொத்தானின் இரு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டால் போதும், கணினி எழும். இப்படிப் படம் வந்துவிட்டால், கேபினெட்டில் இடம் தப்பி மாட்டிய பித்தளைத் தாங்கி போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆக்கியிருக்கக்கூடும். வராவிட்டால் போர்டையே உற்றுப் பார்க்க வேண்டும். தலை உப்பிய, பழுப்பாகக் கசிந்த கெப்பாசிட்டர் 2000களின் தொடக்கத்துப் போர்டுகளில் சாதாரணக் காட்சி. எல்ஜிஏ1700 போன்ற சாக்கெட்டில் 1700 பின்கள் தலைமயிர் போல நெருங்கி நிற்கும். ராமைக் கட்டுப்படுத்தும் சுற்று இப்போது பிராசசருக்குள்ளேயே இருப்பதால், வளைந்த ஒரு பின் ராம் பழுதாக வேடம் போடும். நல்ல ராமை மாற்றி மாற்றிப் போட்டும் பீப் நிற்காது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் வரிசை கலைந்த இடம் தனியாக மின்னும்.

தயாரிப்பாளரின் லோகோ வந்து, விண்டோஸ் எழும் நேரத்தில் திரை கருத்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே குற்றவாளி பெரும்பாலும் டிரைவர். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் 10 கிராபிக்ஸ் டிரைவரைத் திரும்ப எழுப்பும். ஒரு பீப்போடு திரை கண் சிமிட்டிப் படம் திரும்பினால் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் வைத்துவிடலாம்.