கதை முடிந்த இடத்தில் எழுந்த கேள்வி

விழா நாள். வீடு நிறைய உறவினர். விளக்கொளி, வாழ்த்துப் பாட்டு, வழிந்தோடும் மகிழ்ச்சி. தீயவர் வீழ்ந்தனர்; நல்லவர் மணம் புரிந்தனர். கதை முடிந்தது என்றெண்ணி மக்கள் எழுந்து கைதட்டும் வேளை. அப்போது மேடையின் ஓரத்தில், கொட்டும் குளிரில், கந்தல் உடுத்த ஒரு சிறுவன்! பாட்டு நிற்கவில்லை. கதைத் தலைவன் மட்டும் பாடுவோரை விட்டு விலகுகிறான், சிறுவனிடம் செல்கிறான், இரு கைகளாலும் அவனைத் தூக்கி ஏந்தி, அவையோரை நோக்கி நிற்கிறான். ‘இவனுக்கு உங்கள் விடை என்ன?’ என்று கேளாமல் கேட்கின்றன அவன் கண்கள். நாடகம் முடிகிறது.

1980ஆம் ஆண்டு, இலண்டன் ஆல்ட்விச் அரங்கில், ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவினர் நடித்த ‘நிக்கலஸ் நிக்கிள்பி’யின் இறுதிக் காட்சி இது. மூலக்கதை சார்லஸ் டிக்கன்ஸ் தீட்டியது. ஆனால் சிறுவனை ஏந்தி நிற்கும் இந்த முடிவு, அதனை நாடகமாக்கிய டேவிட் எட்கர் சேர்த்தது. ஏன் சேர்த்தார்? அதை அறிய, கதை பிறந்த இடத்திற்கே செல்வோம்.

இங்கிலாந்தின் வடபகுதி யார்க்சயர். அங்கே சில பள்ளிகள் இருந்தன. பள்ளி என்பது பெயர். உண்மையில் அவை வேண்டாத பிள்ளைகளைத் தள்ளிவிடும் குழிகள். ‘விடுமுறை கிடையாது’ என்பதே அவற்றின் விளம்பரம்! பிள்ளை வீடு திரும்பி வந்து தொல்லை தரமாட்டான் என்பது அதன் பொருள். பசியும் பிரம்பும் அங்கே பாடம். வில்லியம் ஷா என்பவர் நடத்திய பள்ளியில் சிறுவர் சிலர் பார்வை இழந்தனர். 1823இல் வழக்கு நடந்தது. ஷா இழப்பீடு செலுத்தினார். பள்ளியோ தொடர்ந்து நடந்தது. 1838இன் தொடக்கத்தில் டிக்கன்ஸ் ஓர் ஓவியருடன் அங்கே சென்று நேரில் கண்டார். கல்லறைத் தோட்டத்தில், அங்கே மாண்ட ஒரு மாணவனின் நடுகல்லைப் பார்த்தார். அந்தக் கல்லின் முன்னே பிறந்தவன்தான் ஸ்மைக் — அடிபட்டு, அறிவு மங்கி, அன்புக்கு ஏங்கும் அந்த ஏழைப் பிள்ளை. பன்னிரண்டு வயதில் காலணி மைத் தொழிற்சாலையில் உழைத்தவரல்லவா டிக்கன்ஸ்! அவர் எழுதுகோல் சும்மா இருக்குமா? மாதந்தோறும் பகுதி பகுதியாகக் கதை வெளிவந்தது. நாடு கண்டது; நாணியது. அத்தகைய பள்ளிகள் பல மூடப்பட்டன.

ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு இந்த வரலாறு ஓர் எச்சரிக்கை. கையில் பிரம்பும் மனத்தில் இருளும் கொண்டவன் எந்த நாட்டில் ஆசிரியனானாலும், அங்கே ஒரு ஸ்மைக் உருவாகிறான்.

கதை பாதிகூட வெளிவராத 1838 நவம்பரிலேயே, எட்வர்ட் ஸ்டர்லிங் என்பவர் முடிவைத் தாமே கற்பனை செய்து இலண்டனில் நாடகமாக்கிவிட்டார்! அன்றைய சட்டம் அதைத் தடுக்கவில்லை. டிக்கன்ஸ் வெகுண்டார், கதையிலேயே ஒரு காட்சி அமைத்து, பிறர் கதையைப் பறித்து நாடகமாக்குவோரைக் கடிந்தார். பழங்கதை மேடையேறுவது என்றால் பெரும்பாலும் அந்நாளில் இதுதான்: புகழ் பெற்ற கதையை எடு, கண்ணீரைப் பிழி, காசைச் சேர்.

எட்கர் வேறு வழி சென்றார். 1948இல் பர்மிங்காமில் பிறந்தவர், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர், பிராட்ஃபோர்ட் நகரில் செய்தியாளராக இருந்தவர், சமதர்மக் கொள்கையினர். நிறவெறிக் கட்சிகள் தலைதூக்கியதைச் சாடி 1976இல் அவர் மேடையேற்றிய ‘டெஸ்டினி’ நாடகம், 1947 ஆகஸ்ட் 15இல், இந்திய மண்ணில் தொடங்குகிறது. 1978இல் அது பி.பி.சி. தொலைக்காட்சியிலும் வந்தது. தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் ஆல்பி சாக்ஸ், விசாரணையின்றி 168 நாள் சிறையில் வாடியபோது பட்ட பாட்டைக் கூறும் நூலையும் அவர் நாடகமாக்கினார்.

இத்தகையவர் கையில் டிக்கன்ஸ் கிடைத்தால் என்ன ஆகும்? டிரெவர் நன், ஜான் கெயர்ட் இருவரும் இயக்க, நடிகர்கள் அனைவரும் கதையைப் படித்து, ஆராய்ந்து, நடித்துப் பார்த்து, பிறகே நாடகம் உருவாயிற்று. ஏறத்தாழ நாற்பது நடிகர்கள். நூற்றுக்கு மேற்பட்ட பாத்திரங்கள். கையில் கிடைத்த பொருள்களை அடுக்கியே குதிரை வண்டி! கதை சொல்லும் பொறுப்பையும் நடிகர்களே பகிர்ந்துகொண்டனர். நாடகம் எட்டரை மணி நேரம். விடிய விடியக் கூத்துப் பார்த்த மரபினர்க்கு இது பெரிதன்று. இலண்டன் மக்களோ வியந்தனர்.

நாடகத்தினுள் ஒரு நாடகமும் உண்டு. ஊர் ஊராகத் திரியும் குழு ஒன்று ‘ரோமியோ ஜூலியட்’ நடிக்கிறது. எட்கர் அமைத்த காட்சியில், மாண்டவர் எழுகின்றனர், காதலர் வாழ்கின்றனர், எல்லாம் இன்பமயம்! அவை சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு, பின்னால் சுடப்போகும் நெருப்பு. ஏனெனில் டிக்கன்சின் முடிவும் இனிய முடிவுதான். சீரிபிள் உடன்பிறந்தார் என்ற இரு நல்ல செல்வர்கள் வருகின்றனர், அள்ளி வழங்குகின்றனர், நாயகன் வாழ்கிறான். ஸ்மைக் மட்டும் மாள்கிறான். நல்ல செல்வன் வந்தால் நாடு திருந்திவிடுமா? வராத ஊரில் என் செய்வது? வள்ளல் ஒருவனைக் காப்பான். வாசலில் நிற்கும் அடுத்தவனை யார் காப்பது? டிக்கன்சின் சினத்தை எட்கர் போற்றினார். அவர் தந்த மருந்தை ஏற்கவில்லை. அதனால்தான் விழாப் பாட்டினூடே அந்த இரண்டாம் ஸ்மைக் வந்து நின்றான்.

1981இல் இந்நாடகம் அமெரிக்கா சென்றது. நுழைவுச் சீட்டு நூறு டாலர்! ஏழையின் கண்ணீரைக் காண ஏழைக்கு வழியில்லை. இந்த முரண்பாட்டைச் சிறிதேனும் தீர்த்தது தொலைக்காட்சி. 1982 நவம்பரில், புதிதாகத் தொடங்கிய ‘சேனல் 4’ அதனை ஒளிபரப்பியது. அரங்கின் வாயிலை மிதிக்காதவர் வீட்டுக்குள்ளும் அந்தச் சிறுவன் நுழைந்தான்.

எட்கர் அதோடு நிற்கவில்லை. 1991இல் ‘ஜெக்கிலும் ஹைடும்’ கதையை மேடைக்குக் கொணர்ந்தபோது, பெண்களுக்குப் பெரிதும் இடம் தராத அக்கதையில் ஓர் உடன்பிறந்தாளையும் ஒரு பணிப்பெண்ணையும் புகுத்தினார். 2017இல் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ கதையை நாடகமாக்கியபோது டிக்கன்சையே மேடையேற்றினார். 1843இல், குழந்தைத் தொழிலாளர் பற்றிய அறிக்கையைப் படித்துத் துடித்த டிக்கன்ஸ், முதலில் எழுத எண்ணியது துண்டு வெளியீடு. இறுதியில் எழுதியது கதை! கட்டுரை செல்லாத வீட்டுக்கும் கதை செல்லும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தோழர்களே! பழையது என்பதால் ஒரு கதையைத் தொழவும் வேண்டா. பழையது என்பதால் எரியவும் வேண்டா. அதனை நிறுத்திக் கேள்வி கேட்போம். ‘அனைவரும் இன்புற்று வாழ்ந்தனர்’ என்று கதை முடியும்போது, அந்த ‘அனைவரில்’ விடுபட்டவன் யார் என்று தேடுவோம். நாளைக் காலை வகுப்பில் நுழையும்போது நம் கண் முதலில் கடைசி வரிசைக்குச் செல்லட்டும். அங்கேயும் ஒருவன் காத்திருக்கக்கூடும்.