மன்னார்ப் பாட்டு ஊர் கடந்த வரலாறு

பாக்கு நீரிணைக்கும் மன்னார்க் குடாவுக்கும் இடையே, இந்தியக் கரையை நோக்கி நீட்டிய விரல் போலக் கிடப்பது மன்னார்த் தீவு. அதன் நிலம் மணல். அதன் மரம் பனை. அதன் தொழில் கடல். பாலங்கடந்து பெருநிலத்திற் கால் வைத்தாற் காட்சி மாறிவிடுகின்றது. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்கள் முருங்கன், நானாட்டான் பக்கங்களில் விரிந்து கிடக்கின்றன. இப்பெருநிலப் பகுதியை மாதோட்டம் என்றனர் முன்னோர். ஏழாம் நூற்றாண்டிலே சம்பந்தரும், அவருக்குப் பின் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடியபோது தமிழ்ப் பாடலில் இக்கரைக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆயினும் அது வெளியிலிருந்து இக்கரையை நோக்கிப் பாடப்பெற்ற பாட்டு. கரையில் இருந்தவர்கள் தமக்குத் தாமே பாடிக்கொண்டது யாது என்பதை வெளியுலகம் கேட்டறிய இன்னும் ஓராயிரத்து முந்நூறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் பாடியவை பெரும்பாலும் பாட்டின் பொருட்டுப் பாடியவை அல்ல. கரைவலை இழுப்போர்க்கு அம்பாப் பாட்டு வேண்டும். முன்னின்று ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் அதனை ஏந்திப் பாடி, அந்த அடி முடியும் இடத்திலே கயிற்றை ஒருசேர இழுப்பர். அடியின் நீளம் என்பது ஓர் இழுப்பின் மூச்சு, அவ்வளவே. வலை கனத்தால் பாட்டும் மெல்ல நடக்கும். கரை நெருங்கினால் விரையும். வயற்பக்கத்திலோ நாற்று நடுவோர்க்கு ஒரு பாட்டு, அருவி வெட்டுவோர்க்கு ஒரு பாட்டு. சூடு மிதிக்கும் இரவிலே மாடுகள் களத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க, அவற்றை ஓட்டுவோன் உறங்கிவிடாதிருக்கவும் பாட்டே துணை. வீட்டினுள்ளே தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி. இவற்றைப் பாடியவர்களிடம் அது யார் பாடல் என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. பாடுவோர் தொகை பெரிது. பாட்டுக்கு உடையவர் ஒருவரும் இலர்.

இவற்றோடு ஒன்றாக வைத்து எண்ணத்தகாத இன்னொரு செல்வமும் மன்னாரில் இருந்தது. அது கத்தோலிக்க நாட்டுக்கூத்து. 1544இல் மன்னாரிற் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர் பலர் யாழ்ப்பாண மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்க சமயத்துக்குத் தடை விதித்தனர். இத்தனைக்கும் ஈடுகொடுத்து நின்ற கூட்டத்தார் தம் சமயக் கதைகளைத் தமிழ்க் கூத்தின் வடிவிலே வார்த்துக்கொண்டனர். வடபாங்கு, தென்பாங்கு என இரு பாங்குகளும், நெடிய நாடகங்களை ஓரிரவில் ஆடி முடிப்பதற்கு ஏற்பச் சுருக்கிய வாசாப்பு என்னும் வகையும் இங்கே வளர்ந்தன. எண்டிறீக்கு எம்பரதோர் என்று ஒரு நாடகத்துக்குப் பெயர். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் உரு. அந்தப் பேரரசன் விருத்தமும் கொச்சகமும் பாடிக்கொண்டு அரங்கினுள் வருவான் என்பதைப் பிற நாட்டார் கேட்டால் வியப்பர். மன்னாரார்க்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

கூத்துக்கு ஏடு இருந்தது. அண்ணாவிமார் அதனைப் படியெடுத்துக் காத்து வந்தனர். அம்பாவுக்கும் நடுகைப் பாட்டுக்கும் ஏடு இல்லை. கேட்டவர் செவியே ஏடு. ஆகவே கூத்து மறைந்தால் ஏட்டிலாயினும் எஞ்சும். தொழிற்பாட்டு மறைந்தால் மறைந்ததே.

ஓர் ஊரிற் பழகிப் புளித்த பாட்டு இன்னோர் ஊருக்குப் புதுப்பாட்டாக வேண்டுமாயின் இடையிலே ஒருவர் வேண்டும். அவர் கேட்க வேண்டும். கேட்டதோடு நில்லாது, இது கேட்கத் தக்கது என்று பிறர்க்குச் சான்று கூறவும் வேண்டும். செருமனியில் எர்டர் என்னும் அறிஞர் 1778, 1779 ஆகிய ஆண்டுகளிற் பல நாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோது செய்தது இதனையே. தென்னிந்தியாவில் சார்ல்சு கோவர் 1871இல் நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்திலே பெயர்த்து வெளியிட்டார். இங்கிலாந்தில் செசில் சார்ப்பு என்னும் இசையாசிரியர் 1903இல் சமர்செட்டுக் கிராமம் ஒன்றிலே தோட்டக்காரர் ஒருவர் பாடக் கேட்டு வியந்து, பின் வாழ்நாள் முழுவதும் பாட்டுத் தேடி அலைந்தார். அவர் அப்பாடல்களைப் பியானோ இசை சேர்த்து வெளியிட்டார். நாணத்தக்கவை என்று கருதப்பட்ட சொற்கள் சில வெளியீட்டில் மாற்றப்பட்டன. சான்று கூறுவோர் தாம் கூறும் அவைக்கு ஏற்பப் பொருளைச் சிறிது துடைத்து வைப்பது எங்கும் உள்ள வழக்கமே. தமிழகத்தில் பெர்சி மக்வீன் என்னும் ஆட்சி அலுவலர் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்னும் பெயரில் 1958இல் பதிப்பித்தார்.

இலங்கையிலும் அக்காலத்திற் காற்று அத்திசையிலேயே வீசிற்று. 1952இல் இலங்கை வானொலி தன் இசைக் கலைஞரைத் தரம் பிரிப்பதற்கு இரத்தனசங்கர் என்னும் வட இந்திய இசை அறிஞரை அழைத்தது. 1956இல் சரத்சந்திரரின் 'மனமே' நாடகம் மேடையேறியபோது, கிராமத்து நாட்டுக்கூத்திலிருந்து நகர அரங்குக்கு ஒரு வழி உண்டு என்பதைக் கற்றோர் கண்டனர். தமிழிலே அவ்வழியில் நடந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சு. வித்தியானந்தன். இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று வந்தவர். 'தமிழர் சால்பு' எழுதியவர். இத்தகையவர் அண்ணாவிமாரிடம் சென்று அமர்ந்து கேட்டது அக்காலப் பல்கலைக்கழக வட்டத்திற் சிறிய செய்தியன்று. கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்து மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கூத்துகளையும் பாடல்களையும் அவர் தேடினார். மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களைத் தொகுத்தவர், 1964இல் 'மன்னார் நாட்டுப் பாடல்கள்' என்னும் தொகுதியைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' அச்சேறியது. 1966இல் 'மூவிராசாக்கள் நாடகம்', 1967இல் 'ஞானசவுந்தரி நாடகம்' ஆகியவை தொடர்ந்தன. தமிழகத்தில் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' வெளிவந்ததும் 1964இலேயே. இரு கரையிலும் ஒரே ஆண்டில் இவை தோன்றியமை நினைக்கத்தக்கது. வித்தியானந்தனுக்கு முன்னரே வட இலங்கையில் மு. இராமலிங்கம் ஊரூராகத் திரிந்து நாட்டார் பாடல்களைத் திரட்டியிருந்தார் என்பதையும் மறத்தல் ஆகாது. பல்கலைக்கழகப் பெயர் துணையாக இல்லாதவர் செய்த பணி இருட்டடிப்புப் பெறுவது எளிது.

வித்தியானந்தன் சான்று கூறியதன் பயன் யாது? பாமரர் பாட்டு என்று ஒதுக்கப்பட்டது பாடநூலுக்கும் ஆய்வுரைக்கும் உரியதாயிற்று. பேசாலையிலும் வங்காலையிலும் ஆடுவோர் தம் கூத்து நூலாக வந்ததைக் கண்டனர். கொழும்பிலும் கண்டியிலும் இருந்த தமிழ் மாணவர், தம் நாட்டின் ஒரு மூலையில் இப்படியும் ஒரு செல்வம் உண்டு என்று முதன்முறையாக அறிந்தனர். இது சிறிய பயன் அன்று.

ஆனால் அதே ஆண்டுகளில் மற்றொரு சான்றாளரும் உழைத்துக்கொண்டிருந்தார். அவர் குரல் பன்மடங்கு பெரிது. இலங்கை வானொலியின் வர்த்தகச் சேவை 1950இல் தொடங்கிற்று. 1952 முதல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தொடங்கவே, இந்தியாவின் நேயர் பெருந்தொகையாகக் கொழும்பின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித பாரதி தோன்றும் வரையில் அவர்களுக்குப் புதுப்பாட்டு இன்னது என்று எடுத்துச் சொன்னது கொழும்பே. தமிழ்த் திரைப்பாடலும் அவ்வாறே கடல் கடந்து சென்று, கடல் கடந்து மீண்டது. மன்னார்த் தீவோ அந்த அலைகள் செல்லும் வழியிலே கிடந்தது. தலைமன்னாரிலிருந்து 1914 முதல் இராமேசுவரம் பக்கத்துக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வழியே ஆட்களும் சரக்கும் வந்தன. காற்றின் வழியே சென்னைப் பாட்டு வந்தது. தேநீர்க்கடை வானொலியிற் கேட்ட மெட்டு இளைஞர் வாயில் ஏறுவதற்கு ஏடும் வேண்டுவதில்லை, அண்ணாவியும் வேண்டுவதில்லை.

நூல் வானொலிக்கு ஈடுகொடுக்க இயலாமற் போனதற்கு ஒரு காரணம் வெளிப்படை. நாட்டுப் பாடல் தொகுதிகள் நமக்குத் தந்தவை பெரும்பாலும் சொற்களே. சொல்லை அச்சுக்கோப்பவர் கோக்கலாம். மெட்டை யார் கோப்பது? அம்பாப் பாட்டைத் தாளில் வாசிப்பவர்க்கு அதில் அசைச்சொல்லும் திரும்பத் திரும்ப வரும் அடியுமே தோன்றும். வாசித்து முடித்து, இதில் என்ன இருக்கின்றது என்றும் கேட்கக்கூடும். கேட்பவர் மீது குற்றம் இல்லை. கயிற்றின் கனமும் முப்பது தோள்களின் இழுப்பும் தாளில் இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் சொல்வளத்தால் இக்குறையை ஓரளவு தாங்கிக்கொண்டன, தொழிற்பாட்டு தாங்கவில்லை. ஆகவே தொகுதிகளாற் பெயர் பெற்றவை காதலும் துயரமும் நகையும் கூறும் பாடல்கள். உழைப்பின் ஒலி மட்டும் நிரம்பியவை பின்வரிசைக்குச் சென்றன. ஒலிப்பதிவுக் கருவிகள் அக்காலத்திற் கனமானவை, விலை மிக்கவை; மணல் வழியே அவற்றைச் சுமந்து கரைவாடிக்குச் செல்வது எளிதன்று என்பதும் மெய்யே.

பின்னர்த் தொழிலே மாறிற்று. சூடு மிதிக்க உழவு இயந்திரம் வந்தது. அதன் இரைச்சலுக்கு மேலாகப் பாடுவோர் இல்லை. வள்ளத்துக்கு இயந்திரம் பூட்டினர். நடுகைக்கு மாறாக விதைப்பு பெருகிய வயல்களில் நடுகைப் பாட்டுக்கு இடம் இல்லாது போயிற்று. இம்மாற்றங்களை எவரும் பழித்தற்கில்லை. நள்ளிரவிற் களத்தைச் சுற்றி நடந்தவன் அந்நடை ஒழிந்ததற்கு வருந்தியிருக்க மாட்டான்.

போரின் செயல் அவ்வகையினது அன்று. 1980களின் நடுப்பகுதியில் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இக்கரையிலிருந்து பலர் அக்கரைக்கு அகதிகளாகச் சென்றனர். 1990 அக்தோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியும் முசலிப் பக்கத்து ஊர்களும் ஆளற்றுப் போயின. சென்றவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். மடுவை அண்டி அடைக்கலம் புகுந்தோரும், வன்னிக்குள் மீண்டும் மீண்டும் பெயர்ந்தோரும் பலர். பெயர்ந்து செல்லும் குடும்பம் நகையையும் உறுதியையும் எடுத்துக்கொள்ளும். பாட்டை எடுத்துச் செல்வதற்குக் கைச்சுமை வேண்டா. ஆனால் அடியெடுத்துக் கொடுப்பவன் ஓர் ஊரிலும், ஏந்திப் பாடுவோர் மூன்று ஊர்களிலும் ஆகிவிட்டால் அம்பா எங்ஙனம் நடக்கும்? தனியொருத்தி தொட்டிலருகே பாடும் தாலாட்டு மட்டுமே அத்தகைய பயணத்தைத் தாங்கும்.

போர் 2009இல் முடிந்தது. 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. கூத்தும் பாசுவும் கோவில் முற்றங்களில் திரும்பவும் ஆடப்படுகின்றன. ஏடு இருந்தமையால் அவற்றுக்கு அது இயன்றது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளைஞர் எவரும் இன்று ஒலிப்பதிவாளரே. 1964இல் நூலுக்குள் வர மறுத்த மெட்டு அந்தச் சிறு கருவிக்குள் தடையின்றி அடங்கும். இனி வேண்டுவது, 1964இன் தொகுதியைக் கையிலெடுத்துக்கொண்டு, அதில் உள்ள பாடல்களை இளமையிற் பாடியவர்களிடம் சென்று அமர்வது. அவர்களில் எஞ்சியிருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். சிலர் புத்தளத்தில், சிலர் இராமேசுவரத்துக்கு அப்பால், சிலர் பிறந்த ஊரிலேயே.